பொய்யே சொல்லாத சென்சார்

அந்த அடுக்குமாடிக் கட்டிடத்தில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். அடுத்த தெருவில் குடியிருக்கும் நாத்தனார் வரும்போதெல்லாம் கீழ்ப்படியிலிருந்தே "அண்ணி" என்று குரல் கொடுத்துக்கொண்டு ஏறியதில், அந்த உறவு மாடிக்கு மாடி பரவி வாட்ச்மேன் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நாமும் அப்படியே கூப்பிட்டு வைப்போம்.

அண்ணிக்கு ஒரு குணம் உண்டு. எதையும் லேசில் நம்பமாட்டாள். பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள். இரண்டு படி இறங்கியதும், இழுத்தபோது திறந்துகொண்டிருக்குமோ என்று திரும்பி ஏறி மறுபடி இழுப்பாள். மழை வராது என்று செய்தியில் சொன்னால் கொடியில் காயும் துணியை உள்ளே எடுத்துப் போடுவாள். அவள் வீட்டுக்காரர் நேர் எதிர். பெயிண்ட் கடையில் விற்பனையாளர். அட்டையில் இருக்கிற நிறம்தான் சுவரிலும் வரும் என்று மனதார நம்பி, இத்தனை வருஷமாக அதையே வாடிக்கையாளர்களிடம் சொல்லி வருகிறவர். அச்சடித்த எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரு மரியாதை. கையெழுத்து என்று யாராவது வாயெடுத்தால் பேனாவைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் ஒரு வியாழக்கிழமை காலை பிரிட்ஜ் சத்தம் போடாமல் நின்றது.

சத்தம் இல்லை என்பதை முதலில் கவனித்தது அண்ணிதான். அந்த 'உம்ம்' என்ற முனகல் காதுக்குப் பழகிப்போன ஒன்று. அது இல்லாத சமையலறை அவளுக்கு ஏதோ விருந்தாளி சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போன மாதிரி இருந்தது. கதவில் இருந்த சின்னத் திரையைப் பார்த்தாள். ஃப்ரீசர்: மைனஸ் பதினெட்டு. எப்போதும் போல நீல எழுத்தில் பளிச்சென்று இருந்தது. சந்தேகம் தீராமல் கதவைத் திறந்து, மேல் தட்டில் இருந்த ஒரு பால் பையை அமுக்கினாள். கல் மாதிரி இருக்கவேண்டிய பை, விரலுக்கு வழிவிட்டது.

பதறிப்போய் அடுத்த பையையும் அமுக்கினாள். காரணம் உண்டு. அது கடைப்பால் இல்லை. அவளுடைய பால். திங்கட்கிழமை அவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டியை எடுக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதையும் அவள் முழுதாக நம்பவில்லை. அதற்குப் பிறகு கொடுக்கிற மருந்து பாலில் இறங்குமாம். பத்து நாள் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. ஐந்து மாதக் குழந்தைக்குப் பவுடர் பால் ஆகவே ஆகாது. ஒருமுறை கொடுத்துப் பார்த்ததில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாகிவிட்டது. அதனால்தான் ஒரு மாதத்துக்கு மேலாக, தூக்கத்தை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சி, பை பையாக உறைய வைத்து ஃப்ரீசரை நிரப்பியிருந்தாள்.

"என்னங்க, ஃப்ரீசர் வேலை செய்யல. பால் இளகுது."

வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வந்து திரையைப் பார்த்தார். "மைனஸ் பதினெட்டுன்னு போட்டிருக்கே."

"போட்டிருக்கு. கைய வச்சுப் பாருங்க."

"கைக்கு என்னம்மா தெரியும்? அது மிஷின்." அவர் வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

அண்ணி நாத்தனாருக்குப் போன் செய்தாள். "எடுத்துட்டு வாங்க அண்ணி, என் பிரிட்ஜ்ல ஃப்ரீசர் காலியாத்தான் கெடக்கு" என்றாள் நாத்தனார். பெரிய குண்டானை இறக்கித் துடைத்தாகிவிட்டது. அப்போது வீட்டுக்காரர்தான், எதற்கும் கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், வாரண்டி இருக்கிறதே என்றார். அந்த ஒரு வார்த்தைதான் வினையாகிப் போனது.

போனில் ஒரு பெண் தேனாகப் பேசினாள். "பிரிட்ஜுக்கு நேரா நில்லுங்க மேடம். திரையில என்ன எண் தெரியுது?"

"மைனஸ் பதினெட்டு."

"வாழ்த்துகள் மேடம். உங்க ஃப்ரீசர் ரொம்ப நல்லா இருக்கு."

"இல்லம்மா, உள்ள பால் உருகுது."

"திரையில பால் தெரியுதா மேடம்?"

"பால் எப்படித் திரையில தெரியும்?"

"அதான் மேடம். எங்க முறைப்படி திரையில தெரியாத விஷயத்தைப் புகாராப் பதிய முடியாது." கொஞ்சம் யோசித்தவள் போலக் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல சமீபத்துல சண்டை ஏதாவது நடந்துச்சா?"

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதுக்கும் ஃப்ரீசருக்கும் என்ன சம்பந்தம்?"

"பதில் சொல்லத் தயங்குறீங்க, குறிச்சுக்கறேன். ஆய்வாளர் ஒரு மணி நேரத்துல வந்துடுவார். அதுவரைக்கும் உள்ள இருக்கற எதையும் எடுக்காதீங்க மேடம். எடுத்தா புகார் செல்லாது."

ரிப்பேருக்கு ஆள் வர வாரக் கணக்கில் ஆகும் என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் வருகிறார்கள் என்றதும் அண்ணிக்கே ஆச்சரியம். ஒரு மணி நேரம்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று குண்டானைக் கீழே வைத்தாள்.

சொன்னபடி ஆள் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெரிய தோல் பை. பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கூட இல்லை என்பதை அண்ணி எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"நான் பயன்பாட்டு ஒழுங்குப் பிரிவு மேடம். பொருள்ல கோளாறு இல்லாதபோது வீட்டுல என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கறது எங்க வேலை."

"பொருள்ல கோளாறு இல்லன்னு யார் சார் சொன்னது?"

"சென்சார்" என்றார் ஆய்வாளர். "ஃப்ரீசருக்குள்ள, பின்பக்கப் பலகைக்குப் பின்னால, மொச்சைக்கொட்டை அளவுல ஒண்ணு இருக்கு. அதுதான் உள்ள எவ்வளவு குளிர்னு பார்த்துச் சொல்லும். குளிர் போதும்னு அது சொன்னா மோட்டார் நின்னுடும். போதாதுன்னு சொன்னா ஓடும்."

"அதத்தான் சார் நானும் சொல்றேன். குளிர் போதும்னு அது தப்பாச் சொல்லுது. மோட்டார் காலைலேர்ந்து ஓடவே இல்ல. சத்தமே வரல, நீங்களே காது வச்சுக் கேளுங்க."

ஆய்வாளர் பிரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. "பிரமாதம். சத்தமில்லாம இயங்கும்னு எங்க விளம்பரத்துலயே இருக்கு மேடம்."

பிறகு பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து ஃப்ரீசருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். அண்ணிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. சற்று நேரம் கழித்து வெளியே எடுத்தபோது அது பிளஸ் மூன்று காட்டியது. அண்ணி வெற்றியோடு வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். ஆய்வாளர் தெர்மாமீட்டரைப் பரிதாபமாகப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அடப்பாவமே, இதுவும் கெட்டுப்போச்சு." பையின் பக்க அறையைத் திறந்து அதை உள்ளே போட்டார். உள்ளே ஏற்கெனவே கிடந்தவை கலகலவென்று சத்தம் போட்டன. "இப்பல்லாம் தரமான தெர்மாமீட்டரே கிடைக்கறதில்ல சார். எந்த வீட்டுல வச்சாலும் கெட்டுப்போகுது."

வீட்டுக்காரர் "அப்படியா" என்று அனுதாபப்பட்டார்.

அடுத்து விசாரணை. கதவுக் கைப்பிடியில் ஏதோ பொடியைத் தூவி ரேகை எடுத்தார். அண்ணியைத் தனியாக, வீட்டுக்காரரைத் தனியாக, கதவைத் திறந்து மூடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். தொட்டிலை எட்டிப் பார்த்து, "இவங்க திறப்பாங்களா?" என்றார்.

"அஞ்சு மாசம் சார்."

"இந்தக் காலத்துப் பிள்ளைங்கள நம்ப முடியாது மேடம்" என்று குழந்தையின் கையைப் பிடித்துக் கைப்பிடியின் உயரத்தோடு மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தார். குழந்தை வீறிட்டு அழுதது. அண்ணி அதைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்ப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். கதவு லேசாகத் திறந்திருந்தது. சமையலறையில் குரல்கள் தாழ்ந்தன. அண்ணி விடுவாளா, காதைத் தீட்டிக்கொண்டாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. மேடம் தனியா இருக்கும்போது பிரிட்ஜை அடிக்கடி திறந்து பார்ப்பாங்களா?"

"அது... அவளுக்கு எல்லாத்தையும் ரெண்டு தடவ பார்க்கற பழக்கம்."

"பூட்டு?"

"இழுத்துப் பார்ப்பா."

"கேஸ் அடுப்பு?"

"திரும்பி வந்து பார்ப்பா."

"நான் வந்ததும் புரிஞ்சுக்கிட்டேன் சார். கதவைத் திறந்து திறந்து பார்க்கறாங்க. திறக்கத் திறக்கக் குளிர் போகுது. குளிர் போச்சேன்னு மறுபடி திறக்கறாங்க. இந்த மாதிரி வீடுகள்ல பாவம், சென்சார் என்ன பண்ணும்? நீங்க கொஞ்சம் கவனிச்சுக்கோங்க. கண்காணிக்கணும்னு சொல்லல. பார்த்துக்கிட்டு இருங்க."

வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. அண்ணிக்கு அந்த மௌனம் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் அவளைக் கேலி செய்திருக்கிறார், ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தபோது காரியம் முடிந்திருந்தது. ஃப்ரீசர் கதவின் குறுக்கே சிவப்பு நிறத்தில் அகலமான நாடா. அதன் மேல் கம்பெனி முத்திரை. வீட்டுக்காரர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"சீல் மேடம்" என்றார் ஆய்வாளர். "உள்ள இருக்கறதெல்லாம் இப்ப சாட்சிப் பொருள். நாளைக்குக் காலைல தலைமை ஆய்வாளர் வந்து பார்ப்பார். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. சீல் உடைஞ்சா இந்த பிரிட்ஜுக்கு ஆயுசுக்கும் ரிப்பேர் கிடையாது."

"ஐயோ, என் பாலு! அது என் பிள்ளைக்கு வச்சது சார். முழுசா உருகிட்டா ஒண்ணுக்கும் ஆகாது."

"உருகாது மேடம். மைனஸ் பதினெட்டுல எதுவும் உருகாது. அது இயற்கை."

அவர் போய்விட்டார். அண்ணி வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாள். "கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"கேட்டாரு. ஒரு நாள்தானே. ஒருவேளை அவர் சொல்றது சரியா இருந்தா? மூடியே வச்சிருந்தா குளிரும்ல?" என்று சொன்னவர், அவள் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். அது மைனஸ் பதினெட்டு என்று அவருக்கு ஆறுதல் சொன்னது.

அன்று முழுக்க அண்ணி எங்கே போனாலும் அவர் கண் பின்னாலேயே வந்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனால் அவருக்கும் தாகம் எடுத்தது. அவள் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்த துடைப்பத்தை எடுத்தால் அவர் தொண்டையைக் கனைத்தார். ஊரில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவளுக்கு, தன்னை ஒருத்தர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றாகவே இல்லை.

அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. சாயங்காலம் அவளுக்குத் தன் கையின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. காலையில் பை இளகியிருந்ததா, இல்லை விரல்தான் அப்படி நினைத்துக்கொண்டதா? கம்பெனிக்காரன் படித்தவன். திரையில் எண் இருக்கிறது. வீட்டுக்காரரும் அதையே சொல்கிறார். ஒரு டம்ளரில் வெந்நீர், ஒரு டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள். எது சூடு, எது குளிர்ச்சி என்று கை சரியாகத்தான் சொன்னது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. கை சொல்வது சரி என்று சொல்கிற மனசு சரிதானா என்று அடுத்த கேள்வி வந்தது. டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிவப்பு நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது.

பிரசவ வார்டு நர்ஸ் சொன்னது மட்டும் அவளுக்கு உறுதியாக நினைவிருந்தது. பைக்கு நடுவில் கொஞ்சமாவது ஐஸ் கட்டி இருந்தால் அதை மறுபடி உறைய வைக்கலாம். கட்டி முழுசும் கரைந்துவிட்டால் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், இல்லை கொட்டிவிட வேண்டும். அடுக்கின் அடியில், நெருக்கி வைத்த பைகளில் இன்னும் கட்டி இருக்கும். நாளை மதியம் வரை இருக்குமா என்பதுதான் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை தலைமை ஆய்வாளர் வந்தார். நல்ல ஆகிருதி. அவருக்குப் பின்னால் நேற்றைய ஆய்வாளர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தலைமை ஆய்வாளர் பிரிட்ஜுக்கு எதிரே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, திரையை வெகுநேரம் பார்த்தார்.

"மைனஸ் பதினெட்டு" என்றார்.

"ஆமாங்க சார்" என்றார் ஆய்வாளர்.

"சோதனை முடிஞ்சது. நல்லா சூடா ஒரு காபி கிடைக்குமா மேடம்?"

அண்ணிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "இதான் சோதனையா? கதவத் திறந்து பார்க்க மாட்டீங்களா?"

"திறந்தா வெளி வெப்பம் உள்ள போகும். உள்ள போனா சென்சார் சொன்னது தப்பாயிடும். அது சென்சாருக்குச் செய்யற அநியாயம் இல்லையா?" தலைமை ஆய்வாளர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "மேடம், உங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன். எங்க கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு சென்சார் கூடக் கெட்டதில்ல. கெட்டா, தான் கெட்டுப்போயிட்டேன்னு அதுவே திரையில எழுதும். அதுக்குன்னு தனியா ஒரு குறியீடு கொடுத்து வச்சிருக்கோம். இன்னிக்கு வரைக்கும் ஒரு சென்சாரும் அதை எழுதினதில்ல. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"கெட்டுப்போனதுக்கு, தான் கெட்டுப்போயிட்டோம்னு எப்படி சார் தெரியும்?"

"நேர்மை மேடம். எங்க பொருள் அவ்வளவு நேர்மையானது."

"சரி, ரிப்பேர் பண்ற ஒருத்தரயாவது அனுப்புங்களேன்."

"அந்தப் பிரிவையே எடுத்துட்டோம். எதுவும் கெடாதபோது அவங்க எதுக்கு? ஆனா யாரையும் வேலைய விட்டு அனுப்பல. எல்லாரையும் ஆய்வாளரா உயர்த்திட்டோம். இவர்கூட நல்ல மெக்கானிக்கா இருந்தவர்தான். என்ன, எதைப் பார்த்தாலும் கழட்டிடுவார். இப்ப திருந்திட்டார்."

ஆய்வாளர் தரையைப் பார்த்தார்.

வீட்டுக்காரர் காபியோடு வந்தார். அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்ததால் அவர்தான் போட்டார். கப்பைத் துண்டால் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதி, இரண்டு எட்டு வைத்து ஒருமுறை கை மாற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஆவி பறந்தது. அந்தக் காபியைப் பார்த்ததும் அண்ணிக்கு ஒன்று தோன்றியது. குரலைக் குழைத்துக்கொண்டாள்.

"சார், இவ்வளவு நேர்மையான ஒண்ண நாங்க கண்ணால பார்த்ததே இல்ல. ஒரு தடவ காட்டுங்களேன். இந்தக் காபில முக்கிப் பார்ப்போம். சூடுன்னு அது சொல்லிடுச்சுன்னா அது நல்லா இருக்குன்னு நானே எழுதிக் கொடுத்துடறேன். நீங்க சாட்சிப் பொருளைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

எழுதிக் கொடுக்கிறேன் என்ற வார்த்தை தலைமை ஆய்வாளருக்கு இனித்தது. சைகை காட்டினார். ஆய்வாளர் சீலைக் கிழித்தார். அவர் கை தானாகவே ஃப்ரீசரின் பின்பலகைக்குப் போய், அங்கே இங்கே அமுக்கி, பலகையைக் கழற்றி, நீளமான வயரோடு ஒரு சின்ன வெள்ளைக் கொட்டையை வெளியே இழுத்தது. கொஞ்ச நேரத்துக்கு அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. மேலதிகாரி பார்ப்பதைக் கண்டதும் அதை மறைத்துக்கொண்டார்.

மேஜையை நகர்த்திக் கொண்டுவந்து, சென்சாரைக் காபிக்குள் இறக்கினார்கள். நான்கு பேரும் திரையைப் பார்த்தார்கள்.

மைனஸ் பதினெட்டு.

கொஞ்சம் பொறுத்தார்கள். ஆவி பறந்துகொண்டே இருந்தது. மைனஸ் பதினெட்டு.

கடைசியில் தலைமை ஆய்வாளர் எழுந்து நின்றார். அவர் குரல் தழுதழுத்தது. "பார்த்தீங்களா? எதுல முக்கினாலும் நிதானம் இழக்கல. இந்த உறுதி மனுஷனுக்கு வருமா?"

"அப்போ இந்தக் காபி இப்ப மைனஸ் பதினெட்டா சார்?" என்றாள் அண்ணி.

தலைமை ஆய்வாளர் திரையைப் பார்த்தார். காபியைப் பார்த்தார். "திரை அப்படித்தான் சொல்லுது."

"சூடா இருக்குன்னு நீங்க சொல்லல இல்ல?"

"நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"அப்போ எடுத்துக்கோங்க சார். உருகறதுக்குள்ள குடிச்சிடுங்க."

ஆய்வாளர் சென்சாரை மெதுவாக வெளியே எடுத்தார். தலைமை ஆய்வாளர் கப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சூடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருடைய வேலை போய்விடும். ஊதிக் குடித்தாலும் போய்விடும். கப்பை எடுத்தார். விரல்கள் துடித்தன. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்தது.

"எப்படி சார் இருக்கு?"

"ஜி... ஜில்லுன்னு..." என்றார்.

அண்ணி அதற்கு மேல் நிற்கவில்லை. குழந்தையை வீட்டுக்காரர் கையில் திணித்துவிட்டு, குண்டானைத் தூக்கி ஃப்ரீசருக்கு முன்னால் வைத்து, அடித்தட்டிலிருந்து பைகளை அள்ள ஆரம்பித்தாள். தொட்ட முதல் பையின் நடுவில் கட்டி தட்டுப்பட்டது. அவளுக்கு உயிர் திரும்பியது.

"மேடம், சாட்சிப் பொருள்!" என்று ஆய்வாளர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"சாட்சிக்கு என்ன சார் குறைச்சல்? அதான் உங்க ஐயா வயித்துல இருக்கே."

ஆய்வாளர் இன்னொரு அடி வைத்தார். குழந்தையோடு குறுக்கே வந்து நின்றவர் வீட்டுக்காரர். அவருக்கு மூச்சு வாங்கியது. யாருக்கும் எதிர்ப்பேச்சுப் பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

"காபி சூடா இருந்துச்சு சார்" என்றார். "நான்தான் கொண்டுவந்தேன். கப்பைப் பிடிக்க முடியல. கை எரிஞ்சுது." தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், முதன்முறை பார்ப்பவர் போல. "திரை தப்பு சார். அவ சொன்னதுதான் சரி. நேத்தே சரி."

தலைமை ஆய்வாளர் அதற்குள் நாக்கைக் கொஞ்சம் மீட்டுக்கொண்டார். அவர் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கி, தன் ஆய்வாளருக்குச் சொல்ல ஆரம்பித்தார். "எழுதிக்கோ. சென்சார் சரியா இருக்கு. சூடா ஒரு காபி கேட்டதுக்கு வீட்டுக்காரர் மைனஸ் பதினெட்டுல காபி கொடுத்திருக்கார். ஆக, கோளாறு அடுப்புல." வீட்டுக்காரரிடம் திரும்பினார். "அடுப்பு எங்க கம்பெனியா?"

"இல்ல."

"அதானே பார்த்தேன்" என்றார் திருப்தியாக. கைக்குட்டையை நாக்கில் ஒற்றிக்கொண்டு படியிறங்கினார். சீல் உடைந்துவிட்டபடியால் வாரண்டி ரத்து என்பதை மட்டும் ஆய்வாளர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். உடைத்தது யார் என்று கேட்க அண்ணிக்கு நேரமில்லை.

குண்டானைத் துண்டுகளால் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் அடுத்த தெருவுக்கு ஓடினாள். நாத்தனாரின் பிரிட்ஜ் பழையது. வெளிக்கதவில் ஒன்றுமே இல்லை. உள்ளே ஒரு வட்டத் திருகு, அதில் எழுதியிருந்தது எல்லாம் தேய்ந்துபோயிருந்தது. அண்ணி குண்டானைப் பிடித்தபடி நின்றாள்.

"இது எத்தன டிகிரி காட்டுது?"

"எதுவும் காட்டாது அண்ணி. சும்மா குளிரும்."

ஆனாலும் அண்ணி அண்ணிதானே. கையை உள்ளே விட்டு, எலும்பு வலிக்கும் வரை வைத்திருந்து, அதற்குப் பிறகுதான் பைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பிரித்தாள். பாதிக்கும் கொஞ்சம் குறைவான பைகளில்தான் கட்டி மிச்சமிருந்தது. அவற்றை உள்ளே அடுக்கினாள். மற்றவற்றில் சிலதைக் குழந்தை அன்றைக்கே குடித்துவிடும். மீதியை நாத்தனார் வீட்டுத் தொட்டியில் கொட்டும்போது அவள் வாய்விட்டு அழுதாள். ஒவ்வொரு பையும் எந்த நாள், எந்தத் தூக்கம் என்று அவளுக்குத் தெரியும். நாத்தனார் குழாயைத் திறந்துவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, முடிந்த வரை பீய்ச்சி வைக்கலாம், குழந்தைக்கு எப்படியும் ஐந்தாறு நாளாவது ஓடிவிடும் என்று அழுகைக்கு நடுவிலேயே கணக்குப் போட்டாள். மிச்சத்துக்குப் பிரசவ வார்டின் தாய்ப்பால் வங்கியில் கேட்டுப் பார்க்கலாம் என்றாள் நாத்தனார்.

வீட்டுக்காரர் அந்த இரண்டு நாளும் தங்கை வீட்டுக்கும் தன் வீட்டுக்குமாக நடந்தார். கடைக்குப் போகிற வழியில் ஒருமுறை, வருகிற வழியில் ஒருமுறை. எதற்கு என்று அவர் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை அண்ணியை ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுக்க வைத்திருந்தார்கள். கழுத்தில் மார்க்கரால் ஒரு கோடு. தலைமாட்டில் பெட்டி ஒன்றில் பச்சை எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்க்கவே இல்லை. தள்ளிக்கொண்டு போக ஆள் வந்தபோதுதான் வீட்டுக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"பாலு?" என்றாள்.

"கல்லு மாதிரி இருக்கு."

"யாரு சொன்னது?"

அவர் வலது கையை நீட்டினார். மூன்று விரல்களின் நுனி சிவந்து கன்றியிருந்தது. ஒன்றில் தோல் உரிந்து போயிருந்தது. பனிக்கட்டியோடு ஒட்டிக்கொள்ளும் வரை வைத்துப் பார்த்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

அண்ணி அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கேள்வி ஒன்று எப்போதும் அவள் நாக்கில் இருக்கும். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. "சரி, கூட்டிட்டுப் போங்க" என்று ஆளிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.